போர்ட் பீப்பாயில் முடித்த ஒரு சிக்கன மால்ட் விஸ்கி: ராயபுரத்திலிருந்து ருசிக் குறிப்பு

ராயபுரத்தான் | சனி, இரவு 10.15

மூன்று வாரமாக ஒரே பாட்டிலோடு உட்கார்ந்திருக்கிறேன். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

கிளென் மோரே எல்ஜின் கிளாசிக், போர்ட் காஸ்க் ஃபினிஷ். அதாவது போர்ட் என்ற போர்ச்சுகல் இனிப்பு ஒயின் இருந்த பீப்பாயில் கடைசியாக வைத்து முடித்தது. ஸ்காட்லாந்து சிங்கிள் மால்ட், 70 சென்டிலிட்டர், 40 சதவீத ஆல்கஹால், எத்தனை வருடம் பீப்பாயில் இருந்தது என்று வயது போடாத பாட்டில். கப்பலில் இரண்டாம் இன்ஜினியராக இருக்கும் என் சித்தப்பா மகன் லீவில் வரும்போது லண்டன் சூப்பர்மார்க்கெட் ஒன்றில் வாங்கி வந்தான். 25 பவுண்டுக்குள் முடிந்தது என்றான். பெயர் பெற்ற 12 வருட மால்ட் எதைத் தொட்டாலும் அங்கேயே இதைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

முதல் நாள் மொட்டை மாடியில் திறந்தேன். காசிமேட்டுப் பக்கமிருந்து காற்று. கருவாட்டு வாசமும் டீசல் வாசமும் கலந்து வரும் அந்தக் காற்றில்தான் நான் வளர்ந்தேன், எனக்குப் பிடித்ததும் அதுதான். ஆனால் கிளாஸில் மூக்கை வைத்தால் ஒன்றும் பிடிபடவில்லை. கீழே வந்து, ஃபேனை நிறுத்திவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் பாட்டில் பேச ஆரம்பித்தது. அன்று காலை தரை துடைத்த பினாயில் வாசம் போகவும் ஒரு மணி நேரம் காத்திருந்தேன்.

நிறம்: வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துப் பார்த்தேன். புளி போட்டுத் தேய்த்த செப்புச் சொம்பின் நிறம், ஓரத்தில் மட்டும் ரோஜா சாயல். சாதாரண விஸ்கியில் அந்த ஓரம் மஞ்சளாக இருக்கும்.

வாசம்: முதலில் வருவது பன்னீர் திராட்சை. சதை இல்லை, தோல். கம்பம் திராட்சையைப் பல்லால் கடித்துத் தோலை மட்டும் மென்றால் வாயெல்லாம் ஒரு வாசம் நிற்குமே, அது. அதற்கு அடியில் பேக்கரி வாசலில் நிற்பதுபோல வெண்ணெயும் வனிலாவும். பத்து நிமிடம் விட்டால் ஊறவைத்த கோதுமை மாதிரி ஒரு பச்சை வாசம் எட்டிப் பார்க்கிறது. வயது குறைந்த சரக்கு என்று அது சொல்லிவிடுகிறது.

ருசி: நுனி நாக்கில் நாட்டுச் சர்க்கரை. நடுவில் மிளகு. விழுங்கும்போது நாவல் பழத் துவர்ப்பு, அது நாக்கின் இரண்டு ஓரத்திலும் பிடிக்கிறது. அதன் பிறகு சீக்கிரமே அடங்கிவிடுகிறது. தொண்டையில் நீண்ட நேரம் நிற்கும் விஸ்கி இல்லை இது.

தண்ணீர்: மருந்துக்கடையில் கிடைக்கும் டிராப்பரால் ஐந்து சொட்டு விட்டால் திராட்சை கூடுகிறது. ஒரு ஸ்பூன் ஊற்றினால் படுத்துவிடுகிறது. 40 சதவீதம்தானே, ஏற்கெனவே தண்ணீர் சேர்த்துத்தான் பாட்டிலில் அடைத்திருக்கிறார்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், குளோரின் வாசம் திராட்சையை அப்படியே அமுக்கிவிடுகிறது. கேன் தண்ணீர் சரியாக இருந்தது.

என் கேள்வி இதுதான்: இந்த ஒயின் வாசம் நல்ல விஸ்கியின் மேல் போட்ட தாளிப்பா, அல்லது பக்குவம் ஆகாத விஸ்கியை மறைக்கிற தாளிப்பா? மூன்று வாரத்தில் என் எண்ணம் இரண்டு முறை மாறிவிட்டது. உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

பெரம்பூர் லோகோ | சனி, இரவு 11.02

தம்பி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நான் ரயில்வேயில் 34 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். பிராந்திதான் எனக்குப் பழக்கம், நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்கும் அதுதான். அதனால் எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். திராட்சை வாசம் வேண்டுமென்றால் பிராந்தியே திராட்சைதானே? விஸ்கியைக் கொண்டுபோய் ஒயின் பீப்பாயில் ஊற்றி அந்த வாசத்தை வரவழைப்பானேன்?

நீங்கள் எழுதிய வாசத்தைப் படித்ததும் எனக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ் ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் செப்டம்பர் மாதமே உலர் திராட்சை, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றையும் பொடியாக நறுக்கிப் பீங்கான் ஜாடியில் ரம் ஊற்றி ஊறப்போடுவார்கள். கிறிஸ்துமஸ் கேக்குக்கு. வாரம் ஒருமுறை அந்த அம்மா மூடியைத் திறந்து மரக் கரண்டியால் கிளறும்போது படிக்கட்டு வரைக்கும் வாசம் வரும். நீங்கள் சொல்வது அந்த வாசமா?

ராயபுரத்தான் | சனி, இரவு 11.20

ஐயா, அதே பக்கம்தான், ஆனால் அவ்வளவு அடர்த்தி இல்லை. ஜாடியைத் திறந்த நிமிடம் இல்லை, மூடிய பிறகு அறையில் மிச்சம் இருக்கும் வாசம் என்று சொல்லலாம்.

எண்ணூர் அலை | ஞாயிறு, காலை 8.40

மணலியில் ஒரு தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். வாசனைச் சேர்மங்கள் என் வேலையில் அடிக்கடி வரும், விஸ்கியும் அந்த வழியாகத்தான் பிடித்தது. பெரம்பூர் ஐயாவின் கேள்விக்குப் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் பிராந்தி. உண்மையான பிராந்தி திராட்சை ஒயினை வடித்து எடுப்பது. நம் ஊரில் பிராந்தி என்று விற்கும் பெரும்பாலானவற்றில் கரும்புச் சர்க்கரைப் பாகிலிருந்து வடித்த ஸ்பிரிட்தான் அடிப்படை, திராட்சை ஸ்பிரிட் கொஞ்சம் சேரும். உள்நாட்டு மலிவு விஸ்கி பலவும் அப்படியே. சிங்கிள் மால்ட் என்பது முளைகட்டிய பார்லி மட்டும், ஒரே வடிசாலை, செப்புப் பானையில் வடிப்பது. ஸ்காட்ச் என்று பெயர் போட வேண்டுமானால் 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் இருக்க வேண்டும். பாட்டிலில் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. தண்ணீரும் நிறத்துக்காகக் கேரமலும் தவிர வேறு எதையும் சேர்க்கக் கூடாது. 2009இல் வந்த பிரிட்டன் விதிமுறை இதைத் தெளிவாகச் சொல்கிறது.

அப்புறம் போர்ட். போர்ச்சுகலில் டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்குத் திராட்சை. சாறு புளித்துக்கொண்டிருக்கும்போதே 77 சதவீதத் திராட்சை ஸ்பிரிட்டை ஊற்றுவார்கள். ஈஸ்ட் செத்துவிடும், மிச்சச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். அதனால் போர்ட் இனிப்பு, 20 சதவீதத்தை ஒட்டிய வலிமை. அதை வைக்கும் பீப்பாய்க்குப் பைப் என்று பெயர், சுமார் 550 லிட்டர் பிடிக்கும். போர்ட்டை வெளியே எடுத்த பிறகும் பலகைக்குள் லிட்டர் கணக்கில் ஒயின் ஊறிப்போய்க் கிடக்கும். விஸ்கியை அதில் ஊற்றினால் உள்ளே இருப்பது மெல்ல வெளியே வரும். ஒயினை நேராக விஸ்கியில் கலப்பது குற்றம், மரத்தில் ஊறியது தானாக வருவது தவறில்லை. ஐயா கேட்ட "ஏன்" என்பதற்கு இதுதான் என் பதில்: பிராந்தியில் திராட்சைதான் உடம்பு. இங்கே உடம்பு பார்லி, திராட்சை கடைசியில் வந்து சேர்கிறது. ராயபுரத்தான் சொன்ன தாளிப்பு என்ற சொல் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

இந்த பாட்டில் விஸ்கி முதலில் போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் இருந்தது, கடைசி 8 மாதம் போர்ட் பைப்பில். போர்பனுக்குப் புதிய, உள்பக்கம் எரித்த ஓக் பீப்பாய்தான் வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. ஒருமுறை பயன்படுத்தியதை அவர்கள் விற்றாக வேண்டும். அதனால்தான் ஸ்காட்லாந்து முழுக்க அந்தப் பீப்பாய்கள். அந்த வெண்ணெய், வனிலா எல்லாம் அங்கிருந்து வந்தது. திராட்சைத் தோலும் நாவல் துவர்ப்பும் அந்த 8 மாதத்தில் வந்தது. 8 மாதம் என்பது குறைவில்லை. இன்னும் நீண்டால் பார்லி வாசமே தெரியாமல் போயிருக்கும் என்பது என் கணிப்பு.

தண்டையார்பேட்டை 81 | ஞாயிறு, காலை 11.30

நான் எதிர்க்கட்சி. ஒயின் ஃபினிஷ் பாட்டில்கள் ஆறேழு வாங்கிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இந்த முறையை முதலில் செய்தவர்கள் வேறு காரணத்துக்காகச் செய்தார்கள். ஸ்காட்லாந்தின் பால்வெனி வடிசாலையில் டேவிட் ஸ்டூவர்ட் 1980களில் இரண்டாம் பீப்பாய் முறையைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1993இல் வந்த அவர்களுடைய டபுள்வுட் 12 வருட விஸ்கி. அதாவது ஏற்கெனவே முதிர்ந்த சரக்கை இன்னொரு பீப்பாயில் மாற்றி வைத்தார்கள். கிளென்மொரஞ்சி வடிசாலையும் 90களில் போர்ட், ஷெர்ரி, மடெய்ரா ஒயின் பீப்பாய்கள் என்று தொடர்ந்தது. அடிப்படை நன்றாக இருந்தது, மேலே ஒரு அடுக்கு சேர்ந்தது.

இப்போது நடப்பது பல இடங்களில் தலைகீழ். வயது போடாத இளஞ்சரக்கை எடுத்து, ஏதோ ஒரு ஒயின் பெயரை அட்டையில் பெரிதாகப் போட்டு விற்கிறார்கள். 2019இல் ஸ்காட்ச் பீப்பாய் விதியைத் தளர்த்திய பிறகு மெக்சிகோவின் டெக்கீலா மது இருந்த பீப்பாய் வரைக்கும் வந்துவிட்டது. ராயபுரத்தானே "ஊறவைத்த கோதுமை" என்று எழுதியிருக்கிறார். அதுதான் ஆதாரம். ரசம் சரியாகக் கொதிக்காமல் இருந்தால் நெய்யில் எவ்வளவு கடுகு போட்டாலும் இரண்டாவது கரண்டியில் தெரிந்துவிடும். அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஒரு 12 வருட மால்ட் வாங்குவதுதான் என் ஆலோசனை.

ராயபுரத்தான் | ஞாயிறு, மதியம் 1.10

81 அண்ணே, நீங்கள் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிளென் மோரே நேற்று இந்த வழிக்கு வந்த வடிசாலை இல்லை. எல்ஜின் ஊரில் லோஸி ஆற்றங்கரையில் முதலில் மதுபான ஆலை ஒன்று, பீர் காய்ச்சுவது. 1897இல் அதை விஸ்கி வடிசாலையாக மாற்றினார்கள். 1999இலேயே, கிளென்மொரஞ்சி உரிமையில் இருந்தபோது, ஷார்டனே பீப்பாயில் வைத்த பாட்டிலை வெளியிட்டார்கள். வெள்ளை ஒயின் பீப்பாயை அவ்வளவு குறைந்த விலை பாட்டிலுக்குப் பயன்படுத்தியது அன்று புதுசு. அவர்களுக்கு இது 25 வருடத்துக்கு மேலான கைப்பழக்கம்.

கோதுமை வாசம் இருப்பது உண்மை. அதை மறைக்காமல்தான் எழுதினேன். ஆனால் அது எனக்குக் குறையாகப் படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

நங்கூரம் | ஞாயிறு, இரவு 7.55

பாட்டில் வாங்கி வந்த தம்பி நான்தான். லீவு முடிந்து மறுபடி கப்பலில் இருக்கிறேன். எங்கள் கப்பலில் மது அறவே கூடாது, அதனால் அண்ணன் எழுதுவதைப் படிப்பதோடு சரி.

விலை ஏன் குறைவு என்று யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்கிறேன். 2008இல் கிளென் மோரேயை பிரான்சின் லா மார்ட்டினிகேஸ் நிறுவனம் வாங்கியது. போர்ச்சுகலில் போர்ட்டோ குரூஸ் என்ற போர்ட் கம்பெனியும் அவர்களுடையதுதான். நல்ல போர்ட் பைப்புக்கு மற்ற வடிசாலைகள் சந்தையில் போட்டி போடும்போது இவர்களுக்கு வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. பெட்டியில் தங்க முலாம் கிடையாது, வயது எண் கிடையாது. சிக்கனம் வந்த இடம் அதுதான், பொருளில் கை வைத்ததால் இல்லை என்று நினைக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் லெய்ஷோயிஷ் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது போர்ட்டோ ஊருக்குள் போனேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் விலா நோவா டி காயா, வரிசையாகப் போர்ட் கிடங்குகள். அந்தக் காலத்தில் மேல்பள்ளத்தாக்கிலிருந்து பீப்பாய் ஏற்றி வந்த ரபேலோ படகுகளைக் கரையில் கட்டி வைத்திருக்கிறார்கள். தட்டையான அடிப்பாகம், பின்னால் நீண்ட துடுப்பு. பார்த்ததும் எனக்கு பக்கிங்காம் கால்வாயில் விறகும் உப்பும் ஏற்றி வந்த படகுகளைப் பற்றித் தாத்தா சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது.

கிடங்குக்குள் இருட்டு, தரையில் ஈரம். பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றால் வாதுமைப் பருப்பும் பழைய மரப் பெட்டியும் கலந்த வாசம். அங்கே டானி, ரூபி என்ற போர்ட் வகைகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுத்தார்கள். ரூபி பெரிய தொட்டியில் கிடந்து சிவப்பாகவே இருக்கும். டானி பைப்பில் வருடக்கணக்கில் காற்றோடு கிடந்து பழுப்பாகிவிடும். அண்ணன் சொன்ன செப்பு நிறத்தைப் படித்தபோது எனக்கு டானி கண்ணில் வந்தது.

இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் தலைக்கு 2 லிட்டர் வரைதான் வரியில்லாமல் கொண்டு வரலாம். 70 சென்டிலிட்டர் பாட்டில் இரண்டு என்றால் கணக்குச் சரி. மூன்றாவது வைத்தால் சுங்கத்தில் நிற்க வேண்டும்.

வியாசர்பாடி 39 | திங்கள், காலை 7.20

சாப்பாட்டுப் பக்கம் யாரும் வரவில்லையே. ராயபுரத்தான் வீட்டில் இரண்டாவது வாரம் நானும் இருந்தேன். எங்கள் குடும்பம் 60களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்தது, அதனால் பீச் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து அத்தோ, பேஜோ என்ற பர்மாச் சாப்பாடு இரண்டும் வாங்கிப் போனேன். அத்தோ இதற்கு ஆகவே ஆகாது. வறுத்த பூண்டும் புளியும் வாயில் இருக்கும்போது இந்த விஸ்கி வெறும் எரிச்சலாகத்தான் தெரிகிறது. வாழைத்தண்டு சூப் குடித்து அரை மணி நேரம் ஆன பிறகுதான் நாக்கு திரும்பியது.

பொருந்தியவை: சவுகார்பேட்டையில் வாங்கிய உலர் அத்திப்பழம், உப்பு போடாமல் வறுத்த வேர்க்கடலை. அத்திப்பழத்தை மென்று விழுங்கிய வாயோடு ஒரு மிடறு குடித்தால் துவர்ப்பு அடங்கி, திராட்சை இரண்டு மடங்காகிறது. நெத்திலி வறுவல் எல்லோருக்கும் பிடித்தது, ஆனால் அதைக் குடித்து முடித்த பிறகு சாப்பிடுங்கள். மிளகாய்த்தூள் பட்ட நாக்கில் 40 சதவீத விஸ்கி எந்த ருசியையும் காட்டாது.

கல்மண்டபம் புதியவன் | திங்கள், இரவு 9.05

இங்கே இதுதான் என் முதல் பதிவு. மன்னிக்கவும், கொஞ்சம் வேறு விஷயம்.

நான் வளர்ந்த வீட்டில் குடி என்றால் அப்பா காலை பத்து மணிக்குக் கடை திறப்பதற்காக நிற்பது. கட்டிங் போட ஆள் தேடுவது. தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து ஊற்றி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பது. ருசி என்ற சொல்லையே அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மாவின் தாலியைத் தவிர வீட்டில் எல்லாம் அடகுக்குப் போயிருக்கிறது. நீங்கள் திராட்சைத் தோல், நாவல் பழம் என்றெல்லாம் எழுதுவதைப் படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் உள்ளே ஏதோ உறுத்துகிறது. இரண்டும் ஒரே பொருள்தானே?

ராயபுரத்தான் | திங்கள், இரவு 10.30

தம்பி, மன்னிப்பெல்லாம் வேண்டாம். எழுதியதற்கு நன்றி.

ஒரே பொருள்தான். 40 சதவீத ஆல்கஹால் லண்டனில் வாங்கினாலும் ஈரலுக்கு ஒன்றுதான், அதில் நான் வாதம் செய்ய மாட்டேன். என் தெருவிலும் நீங்கள் சொன்ன வீடுகள் இருக்கின்றன. என் மாமா ஒருவர் 46 வயதில் போனார். அதனால்தான் எனக்கென்று ஒரு வரம்பு வைத்திருக்கிறேன்: வாரத்தில் ஒரு நாள், 30 மில்லி, அதிகபட்சம் இரண்டு முறை, முதல் 30க்கு ஒரு மணி நேரம். மூன்று வாரத்தில் இந்த பாட்டிலில் கால்வாசிக்குக் கொஞ்சம் மேலேதான் குறைந்திருக்கிறது, அதுவும் நண்பர்களோடு சேர்த்து. தினமும் வேண்டும் என்று தோன்றினால் அன்றே நிறுத்திவிடுவேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் குடிக்காதவர் என்றால் அப்படியே இருங்கள். வாசத்தைப் பற்றி மட்டும் பேச வாருங்கள், அதற்கும் இங்கே இடம் உண்டு.

பெரம்பூர் லோகோ | செவ்வாய், காலை 6.50

புதியவன் தம்பிக்கு என் அன்பு. அந்தக் காலத்தில் எங்கள் ஷெட்டிலும் நல்ல வேலைக்காரர்கள் பலரை இப்படிப் பறிகொடுத்தோம்.

ராயபுரத்தான், நேரில் வந்து ருசிக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. எனக்கு உணவுக்கு முன் சின்ன அளவு போதும்.

எண்ணூர் அலை | செவ்வாய், மதியம் 2.15

ஐயா வருகிறார் என்றால் ஒரு சோதனை செய்யலாமே. கண்ணை மறைத்துக் குடித்துப் பாருங்கள். 81 அண்ணனின் கேள்விக்கு அதுதான் நேர்மையான பதில். என்னிடம் இந்திரி ட்ரினி இருக்கிறது, துபாயிலிருந்து திரும்பும்போது வாங்கியது. ஹரியானாவின் இந்திரியில் செய்வது, 2021இல் வந்தது. போர்பன் பீப்பாய், பிரெஞ்சு ஒயின் பீப்பாய், பெட்ரோ ஹிமெனெஸ் ஷெர்ரி பீப்பாய் என்று மூன்றில் முதிர்ந்தது. அதுவும் விலை அடக்கமான மால்ட், ஒயின் மரமும் இருக்கிறது. ஆனால் இது 46 சதவீதம். சமமாக ஒப்பிட 20 மில்லிக்கு 3 மில்லி தண்ணீர் சேர்த்தால் சரியாக 40க்கு வந்துவிடும்.

நிறம் காட்டிக் கொடுத்துவிடும், அதனால் கிளாஸை மூடுங்கள். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், வாய் அகலம், வாசம் தங்காது.

ராயபுரத்தான் | ஞாயிறு, காலை 9.30

நேற்று மாலை நடந்தது. வந்தவர்கள் பெரம்பூர் ஐயா, எண்ணூர் அலை, 81 அண்ணன், வியாசர்பாடி. மூன்று கிளாஸ் ஆளுக்கு. செய்தித்தாளைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டேன், அடியில் எண் எழுதியது என் மனைவி, எனக்கே எது எது என்று தெரியாது. ஒன்று கிளென் மோரே, ஒன்று தண்ணீர் சேர்த்த இந்திரி, ஒன்று வீட்டில் இருந்த சாதாரண பிளெண்ட், அதாவது கலப்பு விஸ்கி.

பிளெண்டை எல்லோரும் கடைசியில் வைத்தார்கள். அதில் ஆச்சரியம் இல்லை.

இந்திரியை மூன்று பேர் முதலில் வைத்தார்கள். அத்திப்பழம், கருப்பட்டி, கொஞ்சம் ஏலக்காய். பெரம்பூர் ஐயா அதை முகர்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு "ஜாடி" என்று ஒரே சொல் சொன்னார். அந்தப் பீங்கான் ஜாடி வாசம் கிளென் மோரேயில் இல்லை, இதில்தான் இருந்தது. நான் முன்பு எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்.

கிளென் மோரேயை முதலில் வைத்தது எண்ணூர் அலையும், நம் 81 அண்ணனும். அண்ணன் தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அவர் வாயாலேயே கேளுங்கள்.

தண்டையார்பேட்டை 81 | ஞாயிறு, காலை 11.00

ஆமாம், வைத்தேன். எண் 2 என்று எழுதும்போது அதை ஒரு 12 வருட மால்ட் என்று நினைத்திருந்தேன். காரணம் சொல்கிறேன். இந்திரியில் ஒயின் மரம் முன்னால் நிற்கிறது, பார்லியைத் தேட வேண்டியிருக்கிறது. இதில் முதல் மிடறில் திராட்சை, இரண்டாவது மிடறில் பார்லி, மூன்றாவதில் இரண்டும் சேர்ந்து. நான் ரசம், கடுகு என்று சொன்னதை இந்த பாட்டில் அளவில் வாபஸ் வாங்குகிறேன். ரசம் கொதித்திருக்கிறது. வயது குறைவு, ஆனால் வடிப்பு சுத்தம்.

மற்ற பாட்டில்களைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. நான் வாங்கிய ஒன்றில் சிவப்பு ஒயின் பீப்பாய் வாசம் ஈர அட்டைப் பெட்டி மாதிரி இருந்தது. கெட்டுப்போன பீப்பாயாக இருக்க வேண்டும்.

எண்ணூர் அலை | ஞாயிறு, மதியம் 12.20

பழைய ஒயின் பீப்பாயைச் சீர்செய்ய டாக்டர் ஜிம் ஸ்வான் என்ற விஸ்கி வல்லுநர் ஒரு வழி காட்டினார். ஒயின் பீப்பாயின் உள்பக்கத்தை இழைத்து, சூடு காட்டி, மறுபடி எரித்துப் பயன்படுத்துவது. புளித்துப்போன மேல் அடுக்கு போய்விடும், ஆழத்தில் ஊறிய பழ வாசம் தங்கும். தைவானின் கவலான் வடிசாலை அந்த முறையில் செய்த வின்யோ பாரிக் 2015இல் உலக விஸ்கி விருதுகளில் சிறந்த சிங்கிள் மால்ட் என்று தேர்வானது. வெப்ப நாட்டில் மரம் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று அன்று பலருக்குப் புரிந்தது. ஸ்காட்லாந்துக் கிடங்கில் பீப்பாய் விஸ்கியில் வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகப் போகும். பெங்களூரில் அம்ருத் வடிசாலை 10 சதவீதத்துக்கு மேல் இழக்கிறது. அதனால் இந்திரியின் வயதையும் எல்ஜின் வயதையும் ஒரே அளவுகோலில் வைக்க முடியாது. நேற்று மூன்று பேர் இந்திரியை முதலில் வைத்ததும் இதனால்தான் என்று நினைக்கிறேன், மரம் அவ்வளவு இறங்கியிருக்கிறது.

வியாசர்பாடி 39 | ஞாயிறு, மாலை 5.45

விலை இறங்குமா? 2025 ஜூலையில் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானதே.

தண்டையார்பேட்டை 81 | ஞாயிறு, மாலை 6.10

அந்த ஒப்பந்தப்படி ஸ்காட்ச் மீதான சுங்க வரி 150 சதவீதத்திலிருந்து 75க்கு வரும், பத்தாவது வருடத்தில் 40க்கு. ஆனால் அது சுங்கம் மட்டும். மாநில வரி தனி, நம் ஊரில் 2003லிருந்து சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக்கில்தான். அதனால் 25 பவுண்டு பாட்டில் இங்கே அந்த விலைக்கு வந்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

வைத்திருக்கும் முறை பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விமான நிலையக் கடையில் வாங்கிய பாட்டில், திறக்கும்போது கார்க் பாதியில் ஒடிந்து உள்ளே விழுந்தது. வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் மீட்டேன். ஒயின் பாட்டிலைப் படுக்க வைப்பதுபோல விஸ்கியைப் படுக்க வைக்காதீர்கள், ஆல்கஹால் கார்க்கைத் தின்றுவிடும். நிற்க வையுங்கள். மொட்டை மாடி அறையில் வேண்டாம், நம் மே மாத வெயிலுக்கு அந்த அறை அடுப்பு. பீரோவின் கீழ்த்தட்டு போதும். பாதிக்குக் கீழ் இறங்கினால் சின்ன பாட்டிலுக்கு மாற்றுங்கள், காற்று பட்டுப் பழ வாசம்தான் முதலில் போகும்.

கல்மண்டபம் புதியவன் | ஞாயிறு, இரவு 8.40

நான் குடிப்பதில்லை. ஆனால் கேட்கத் தோன்றுகிறது: நேற்று எல்லோரும் போன பிறகு அந்தக் கிளாஸ்களை என்ன செய்தீர்கள்?

ராயபுரத்தான் | ஞாயிறு, இரவு 9.15

நல்ல கேள்வி தம்பி. கழுவவில்லை, மேசையிலேயே விட்டுவிட்டேன். இன்று காலை ஆறு மணிக்கு எடுத்து முகர்ந்தேன். ஆல்கஹால் முழுக்கப் போய்விட்டது. பிளெண்ட் கிளாஸில் ஒன்றுமில்லை. இந்திரி கிளாஸில் கருப்பட்டி. கிளென் மோரே கிளாஸின் அடியில் ஒரு சொட்டு காய்ந்து மெல்லிய ரோஜா வளையமாக நின்றது. அதில் வெல்லமும், புதிதாக இழைத்த மரமும், கடைசியில் அந்தத் திராட்சைத் தோலும் இருந்தன. என் அம்மாவிடம் கொடுத்தேன். அவர் குடியை வெறுப்பவர். முகர்ந்துவிட்டு "தச்சுப் பட்டறையில் யாரோ பழம் சாப்பிட்ட மாதிரி இருக்கு" என்றார்.

அந்தக் கிளாஸை இன்னும் கழுவவில்லை. நாளை மாலை கல்மண்டபம் பக்கம் வருகிறேன், உனக்கும் காட்டுகிறேன்.